செர்ரிச் சிவப்பு

டிசம்பர் இரண்டாம் வாரம், குரிகோ.
வெளியே முப்பத்து மூன்று டிகிரி.
குளிரறையில் பூஜ்யத்தில் உறங்குகிறது பழம்.
என் மேசை இரண்டுக்கும் நடுவில்:
ஒரு தோள் வியர்க்கும், ஒரு தோள் விறைக்கும்.
நெலிதா வென்சுமில் என்று பெயர்ப்பலகை.
வேலை, பெட்டிகளின் பார்கோடுக்கு மதிப்பெண் போடுவது.

படிக்கிறதா என்று பார்ப்பதல்ல.
அதற்கு ஒரு 'பீப்' போதும்,
நல்ல நாளில், புது ஸ்கேனரில்.
இருபத்து நான்கு நாள் கடலில் கிடந்து,
பனி வியர்த்து,
முன்பின் தெரியாத துறைமுகத்தில்
கீறல் விழுந்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும்
கிழட்டு இயந்திரமும் படிக்குமா?
அதுதான் கேள்வி.

அதனால் ஒரே பட்டையைப் பத்து உயரங்களில்
பத்து முறை பார்க்கிறேன்.
ஒவ்வொரு பார்வைக்கும் திரையில் ஒரு மலைத்தொடர்:
தாள் சிகரம், மை பள்ளம்.
சிகரம் எவ்வளவு உயரம்,
விளிம்பு செங்குத்தா சரிவா,
பள்ளத்தில் மை படாத புள்ளி உண்டா,
மை கசிந்து கோடு பருத்துவிட்டதா.
எதில் மிகக் குறைவோ
அதுவே அந்தப் பார்வையின் மதிப்பெண்.
மற்ற எல்லாவற்றிலும் ஜெயித்து ஒன்றில் கோட்டை விட்டால்
கோட்டை விட்டதுதான்.

பத்தையும் கூட்டிப் பத்தால் வகுக்கும்போதுதான்
கொஞ்சம் மனம் இளகுகிறது அதற்கு.
ஒன்பது நாலு, ஒரு பூஜ்யம்: மூன்று புள்ளி ஆறு.
அதற்கும் ஏ உண்டு.

ஏ, பி, சி, டி. பிறகு நேராக எஃப்.
நடுவில் இருந்த எழுத்து எங்கே போனதென்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
என் மகன் பள்ளியில் ஏழு உச்சம், நாலு வாங்கினால் பாஸ்.
"உன் மெஷினில் நாலுதான் முதல் மார்க்கா?"
அவனுக்கு அதில் ஒரு நிம்மதி.

இன்றைய மாதிரியில் கோடுகள் சிவப்பு.
முதலாளி எலெயுதேரியோ அஸ்தபுருவாகாவின் ஆசை.
வெள்ளை அட்டையில் செர்ரிச் சிவப்பு.
அழகுதான், பொய் சொல்லக் கூடாது.

விளக்கைப் போட்டேன்.
மலை இல்லை. சமவெளி.
வேறுபாடு நூற்றுக்கு ஆறு.
பத்துப் பார்வை, பத்துப் பூஜ்யம்.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றார்.
அளவு அட்டையை வைத்துக் காட்டினேன், கெடவில்லை.
"எனக்குத் தெரியுதே. அதுக்கு ஏன் தெரியல?"

பையில் மகனுக்கு வாங்கிய மிட்டாய் இருந்தது.
பிரித்து வாயில் போட்டுக்கொண்டு
சிவப்புக் கண்ணாடித் தாளை நீட்டினேன்.
இதன் விளக்கு சிவப்பு, இப்படித்தான் பார்க்கும், பாருங்கள்.

ஒரு கண்ணை மூடி, மறு கண்ணில் வைத்தார்.
அட்டை சிவந்தது, கோடுகள் அதில் கரைந்தன.
எடுத்தார். வந்தன.
வைத்தார். போயின.
ஏழெட்டு முறை செய்துவிட்டுக் கேட்டார்:
"பழத்தையும் இப்படித்தான் பார்க்குமா?"
பழத்தைப் பார்க்காது, ஐயா.
அதற்குப் பழமே கிடையாது,
பதினாலு இலக்கம்தான்.

கரும்பச்சைக்கு மாறினோம், காம்பின் நிறம்.
மாலை ஆறுக்குப் புதுத் தகடு.
மறுபடி எஃப்:
ஓரத்து வெற்றிடத்தில் ஓர் இலை தலை நீட்டியிருந்தது.
இருபுறமும் ஒன்றுமே இருக்கக் கூடாது,
பேச்சுக்கு முன் இழுக்கும் மூச்சு மாதிரி.
வரைந்த ரொமினா போனில் முணுமுணுத்தாள்,
பிறகு இலையை வெட்டினாள்.

இரவு பதினொன்று. மூன்று புள்ளி ஒன்று. பி.
நாலாவது கோட்டில் ஊசிமுனை அளவு வெள்ளை.
நாளை சரி செய்தால் ஏ வாங்கலாம்.
சான் அந்தோனியோ லாரி விடியல் ஐந்துக்கு.
கையெழுத்துப் போட்டேன்.

சிவப்பில் முன்பே அச்சான முந்நூறு பெட்டிகளை
ஆளுக்கு நாலைந்தாக எடுத்துப்போனோம்.
என் வீட்டில் ஒன்றில் உருளைக்கிழங்கு,
ஒன்றில் மகனின் கால்பந்து ஷூ.
அடுப்படி விளக்கில் பளிச்சென்று தெரிகின்றன கோடுகள்.
சும்மா நிற்கும்போது எண்ணிப் பார்க்கிறேன்,
ஒன்றுகூடக் குறையவில்லை.